ஹெர்மிஸ் கப்பலைப் பார்க்கச் சுழியோடலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

வாடை ஓய்ந்து கிழக்குக் கடல் அமைதியானதும் மட்டக்களப்புக்கு வரும் சுழியோடிகள் முதலில் விசாரிப்பது ஹெர்மிஸைத்தான். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அது. கரையிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்குள், சுமார் 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. கரைக்கு இவ்வளவு கிட்ட இருப்பதால், ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டால் என்ன என்று பலருக்கும் ஆசை வருகிறது. தூரத்தைப் பார்ப்பவர்கள் ஆழத்தைப் பார்ப்பதில்லை.

சுழியோடுவதற்கான சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. ஹெர்மிஸுக்குப் போகலாமா?

பெரும்பாலானவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதே. முதல்நிலைச் சான்றிதழ் 18 மீற்றர் வரை செல்ல அனுமதி தருகிறது. அடுத்த நிலை 30 மீற்றர். ஆழச் சுழியோடலுக்கெனத் தனிப்பயிற்சி பெற்றவருக்கும் பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லை 40 மீற்றர்தான். ஹெர்மிஸ் கிடக்கும் கடலடி அதற்கும் 13 மீற்றர் கீழே.

இதைக் காற்றின் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். 12 லீற்றர் சிலிண்டரை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் அதில் 2,400 லீற்றர் காற்று இருக்கும். கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிக்கும் ஒருவருக்கு அது இரண்டு மணித்தியாலம் வரும். 53 மீற்றரில் அழுத்தம் மேலே உள்ளதைப் போல ஆறு மடங்குக்கும் கூட. அதே ஆள் அங்கே நிமிடத்துக்கு ஏறத்தாழ 126 லீற்றர் இழுப்பார். முழுச் சிலிண்டரும் 19 நிமிடத்தில் வெறுமையாகிவிடும். இறங்குவதற்கும் ஏறுவதற்கும் கூட்டாளிக்கு ஆபத்தில் கொடுப்பதற்கும் வேண்டிய காற்றைக் கழித்தால் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்று நீங்களே பாருங்கள்.

அதோடு முடியவில்லை. அந்த ஆழத்தில் சில நிமிடங்கள் நின்றாலே, உடலில் கரைந்த நைதரசன் வெளியேறுவதற்காக ஏறும் வழியில் இடையிடையே நின்று காத்திருக்கவேண்டும். கால் மணித்தியாலம் கீழே இருந்தவர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ நடுக்கடலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க நேரும். அங்கே காற்று முடிந்தாலும் பதறி மேலே வரமுடியாது. வந்தால் குருதியிலும் மூட்டுகளிலும் குமிழி கட்டும். ஆகவே இரட்டைச் சிலிண்டர், நிறுத்தங்களுக்கென வேறு வாயு, முன்கூட்டியே எழுதி வைத்த திட்டம், அத்தனையையும் கையாளும் தொழில்நுட்பச் சுழியோடல் பயிற்சி ஆகியவை இல்லாமல் ஹெர்மிஸுக்கு இறங்கக்கூடாது.

கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். நீச்சலும் மூச்சடக்கமும் நன்றாக வரும். அது போதாதா?

கடலைத் தெரிந்திருப்பது பெரிய பலம்தான். நீரோட்டத்தையும் காற்றின் குணத்தையும் நம் மீனவர் பிள்ளைகள் போல வெளிநாட்டுச் சுழியோடிகள் அறியமாட்டார்கள். ஆனால், நைதரசன் ஆளைப் பார்த்து வேலை செய்வதில்லை. முப்பது மீற்றரைத் தாண்டும்போதே அது மூளையை மந்தமாக்கத் தொடங்குகிறது. ஐம்பதில் சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவர் அழுத்தமானியை எடுத்துப் பார்ப்பார். முள் நிற்கும் இடமும் கண்ணுக்குத் தெரியும். அதன் பொருள்தான் மண்டையில் ஏறாது. அந்த நேரத்தில் அவருக்குப் பயம் வராது, சந்தோசமாகவே இருக்கும். ஆபத்து அதில்தான் இருக்கிறது. இதனாலேயே பயிற்சி பெற்றவர்கள் ஹீலியம் கலந்த வாயுவைப் பயன்படுத்துகிறார்கள்.

ஒட்சிசன் கூடுதலாகச் சேர்த்த ‘நைட்ரொக்ஸ்’ பாதுகாப்பானது என்கிறார்களே?

இருபது, முப்பது மீற்றர் ஆழத்துக்கு அது நல்லது. ஹெர்மிஸின் ஆழத்தில் உயிரைக் குடிக்கும். 32 சதவீத ஒட்சிசன் கொண்ட நைட்ரொக்ஸுக்கு எல்லை சுமார் 34 மீற்றர். அதற்குக் கீழே ஒட்சிசனே நஞ்சாக மாறும். முன்னறிவிப்பு எதுவுமின்றி வலிப்பு வரும், வாயிலிருந்து சுவாசக் கருவி நழுவும். இந்த ஒரு விடயத்தில் எந்த விட்டுக்கொடுப்புக்கும் இடமில்லை.

உரிய பயிற்சியோடு போகிறவருக்கு என்ன காணக் கிடைக்கும்?

நிறையக் கிடைக்கும். 180 மீற்றருக்கும் நீளமான போர்க்கப்பல் அது. கயிற்றைப் பிடித்து இறங்கும்போது முதலில் நீலத்துக்குள் ஓர் இருட்டுத்தான் தெரியும். இன்னும் இறங்கினால் அது பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் இரும்புச் சுவராகும். பீரங்கிகளை இன்றும் அடையாளம் காணலாம். பாசியும் கடற்பஞ்சும் போர்த்திய அவற்றைச் சுற்றிப் பாரைகள் கூட்டமாகத் திரியும். இடுக்குகளில் பெரிய கலவாய்கள் கிடக்கும். ஒரே முறை இறங்கி முழுக் கப்பலையும் பார்ப்பது மிகக் கடினம். அரைவாசியைப் பார்த்தாலே பெரிய காரியம். பயிற்சியும் பொறுமையும் உள்ளவருக்கு இந்துசமுத்திரத்தில் இதற்கு ஈடான இடங்கள் மிகக் குறைவு என்று தயங்காமல் சொல்வேன்.

உள்ளே விமானங்கள் இருக்கின்றனவா?

இல்லை. தாக்கப்பட்ட அன்று ஹெர்மிஸில் விமானம் ஒன்றுகூட இருக்கவில்லை. அவை கரையில் இருந்தன. திருகோணமலை தாக்கப்படப் போகிறது என்ற எச்சரிக்கை கிடைத்து, முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே விலகிப் போன கப்பல் அது. திருகோணமலைக்குத் திரும்பும் வழியில் மட்டக்களப்புக்கு நேரே ஜப்பானியர் கண்டுகொண்டார்கள். தலைக்கு மேலே காக்க ஆளில்லாத விமானந்தாங்கியின் மீது சுமார் நாற்பது குண்டுகள் விழுந்தன. கப்பலின் தலைவர் ரிச்சர்ட் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் மூழ்கியது. தப்பியவர்களில் ஏறத்தாழ அறுநூறு பேரை ‘வீட்டா’ என்ற மருத்துவக் கப்பல் கடலிலிருந்து ஏற்றிக் காப்பாற்றியது.

ஹெர்மிஸை ‘உலகின் முதல் விமானந்தாங்கி’ என்று விளம்பரங்களில் எழுதுகிறார்கள். ஆரம்பம் முதலே விமானந்தாங்கியாக வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல் என்பதே சரி. சேவைக்கு வந்ததில் ஜப்பானின் ஹோஷோ, 1922இலேயே, இதை முந்திவிட்டது.

கப்பலுக்குள் நுழையலாமா? சின்னதாக ஏதாவது எடுத்து வரலாமா?

இரண்டும் கூடாது. எண்பது ஆண்டுகளுக்கு மேல் உப்பு அரித்த இரும்பு எப்போது சரியும் என்று எவராலும் சொல்லமுடியாது. மீன் சேரும் இடம் என்பதால் அறுந்த வலைகளும் தூண்டில் நரம்புகளும் சிக்கிக் கிடக்கக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது ஒரு புதைகுழி. வீடு திரும்பாத பிள்ளைகள் அங்கேதான் கிடக்கிறார்கள். உறவுகளின் உடல்கள்கூடக் கிடைக்காத துயரம் என்னவென்று இந்தக் கரையோர மக்களுக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அங்கிருந்து ஓர் ஆணியைக்கூட எடுக்க நமக்கு உரிமை இல்லை.

பயிற்சி இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு வேறு வழி உண்டா?

உண்டு, அது நல்ல வழியும்கூட. அதே நாளில், அதே தாக்குதலில் மூழ்கிய ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ என்ற எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாவுக்கு அப்பால் சுமார் 25 மீற்றருக்குள் கிடக்கிறது. இரண்டாம் நிலைச் சான்றிதழ் உள்ளவர் உரிய வழிகாட்டியோடு அங்கே நிதானமாகச் சுற்றலாம். கப்பல் இரண்டாக உடைந்திருக்கிறது. இங்கே வெளிச்சம் கீழே வரை இறங்கும், நிறங்கள் தெரியும், அழுத்தமானியை வாசித்தால் மண்டையிலும் ஏறும். ஹெர்மிஸில் பத்து நிமிடம் தடுமாறுவதைவிட இங்கே முக்கால் மணித்தியாலம் கண் நிறையப் பார்ப்பது எவ்வளவோ மேல். இதை ‘இரண்டாம் தரம்’ என்று சொல்லி இளைஞர்களை ஹெர்மிஸ் பக்கம் தள்ளும் பேச்சைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

எந்தக் காலம் நல்லது?

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. மாரி தொடங்கியதும் கடல் குழம்பிவிடும். முகத்துவாரம் வெட்டுப்பட்டால் வாவியின் சேற்று நீர் கடலில் வெகுதூரம் மண்ணிறமாகப் பரவும். அப்போது இறங்கிப் பயனில்லை.

‘பயிற்சி தேவையில்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று யாராவது சொன்னால்?

நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். நல்ல வழிகாட்டி முதலில் உங்கள் சான்றிதழையும் பதிவேட்டையும் கேட்பார். கடைசியாக எப்போது, எவ்வளவு ஆழம் இறங்கினீர்கள் என்று விசாரிப்பார். நீங்களும் அவரிடம் கேளுங்கள்: படகில் அவசர ஒட்சிசன் இருக்கிறதா? நிறுத்தங்களுக்கான மேலதிக வாயு எங்கே தொங்கும்? நாம் கீழே இருக்கும்போது படகில் நிற்பவர் யார்? குமிழி நோய் வந்தால் எந்த அழுத்த அறைக்கு, எந்த வழியாக, எவ்வளவு நேரத்தில் கொண்டுபோவீர்கள்? ஒரு கேள்விக்காவது பதில் மழுப்பலாக வந்தால் போகவேண்டாம். கட்டிய முற்பணம் போனாலும் போகட்டும்.

சுழியோடிய மறுநாள் காலை நுவரெலியா போவதாகத் திட்டம். ஏதாவது தடை உண்டா?

சுழியோடிய பின் விமானம் ஏறக்கூடாது என்பது பலருக்குத் தெரியும். மலையேறுவதும் அதே ஆபத்துத்தான் என்பதைப் பலர் நினைப்பதில்லை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. எல்ல ஆயிரத்துக்கும் மேல். 600 மீற்றருக்கு மேல் ஏறினாலே விமானப் பயணத்துக்குரிய கவனம் வேண்டும். பாசிக்குடாவில் இரண்டு மூன்று முறை இறங்கியவர் குறைந்தது 18 மணித்தியாலம் பொறுக்கவேண்டும். ஹெர்மிஸ் போன்ற ஆழத்துக்கு இறங்கி நிறுத்தங்களோடு ஏறியவர் ஒரு முழு நாளுக்குக் குறையாமல் கரையிலேயே இருக்கவேண்டும். பயணத் திட்டத்தில் மலைநாட்டை முதலிலும் கடலைப் பிறகும் வையுங்கள். கடலுக்குப் பிறகு கொழும்புக்குத் திரும்புவதானால் பொலநறுவை, ஹபரணை வழியாகச் செல்லும் பாதை மலையேறாத பாதை.