டீசல் முள்ளும் டிரைவர் மேல் சந்தேகமும்

சொந்தமாகச் சரக்கு வேன் வைத்து வெளியூர்க் கடைகளுக்கு லைன் அனுப்பும் வணிகர்களுக்கு டீசல் கணக்கு ஒரு தீராத தலைவலி. முள் ஒன்று காட்டும், பங்க் பில் வேறொன்று சொல்லும். கணக்கு உதைத்தால் நம் கண் முதலில் போவது டாஷ்போர்டு முள்ளின் மேல், அடுத்தது டிரைவர் மேல். இந்த முள் எப்படி வேலை செய்கிறது, எப்போது பொய் சொல்லும் என்பதை நாங்கள் ஒரு தப்புச் செய்த பிறகுதான் தெரிந்துகொண்டோம். அதை மறைக்காமலே எழுதுகிறோம்.

1997-இல் எங்கள் பருப்பு மண்டியில் ஒரு பழைய டீசல் வேன் ஓடியது. விருதுநகரிலிருந்து ஒரு நாள் சாத்தூர், கோவில்பட்டி. மறுநாள் சிவகாசி, ராஜபாளையம். மாலையில் டாங்கை நிரப்பி செட்டில் நிறுத்தும்போது முள் உச்சியில் நிற்கும். காலையில் சாவி போட்டால் பாதிக்கும் கீழே கிடக்கும். நிரப்பிய நாளெல்லாம் இதே கதை. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. செட் சாவி டிரைவரிடம் இருந்தது. கணக்குப்பிள்ளை வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை; நோட்டைத் திறந்து எங்கள் முன் வைத்தார். அந்த டிரைவர் பதினோரு வருஷம் எங்களிடம் இருந்தவர். சாவியை வாங்கிக்கொண்டோம். அப்படியும் முள் இறங்கியது. மாற்றுச் சாவி வைத்திருப்பார் என்று நினைத்தோம். அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தமும் செய்தோம். “அண்ணாச்சி, முள்ளை நம்புறீங்க, என்னைய நம்பலையே” என்றார். வேறு பேசவில்லை.

பில்லையும் ஓடிய கிலோமீட்டரையும் உட்கார்ந்து வகுத்துப் பார்த்திருந்தால் அன்றே விளங்கியிருக்கும். பார்க்கவில்லை.

டாங்குக்குள் இருப்பது எளிய கருவிதான். ஒரு மிதவை, மெக்கானிக்குகள் ஃப்ளோட் என்பார்கள். அதைத் தாங்க ஒரு மெல்லிய கம்பிக் கை. கையின் மறுமுனை, மின்தடைக் கம்பி சுற்றிய ஒரு பட்டையின் மேல் உரசிக்கொண்டு நகரும். டீசல் ஏறினால் மிதவை ஏறும், கை நகரும், மின்தடை மாறும், அதற்கேற்ப முள் திரும்பும். இதற்கு டாங்க் யூனிட் என்று பெயர். ஆக, முள் காட்டுவது டீசல் அளவை அல்ல. மிதவை நிற்கும் இடத்தைத்தான்.

எங்கள் வண்டியில் இருந்தது பித்தளை மிதவை. வேறு வேலையாக வந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் யூனிட்டைக் கழற்றி, மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிக் காட்டினார். இளநீர்க் காய் போல உள்ளே தளும்பியது. பற்றவைத்த விளிம்பில் மயிரிழை விரிசல். டாங்கை நிரப்பியதும் காலி மிதவை மேலே ஏறி ‘முழு’ என்று காட்டும். இரவெல்லாம் விரிசல் வழியே டீசலைக் குடித்துக் கனத்து இறங்கும். லைன் ஓடி டாங்க் காலியாகும்போது உள்ளே போனது வடிந்துவிடும். மறுபடி நிரப்பினால் மறுபடி மிதக்கும். திருடன் வருவது போலவே இரவில் வந்து போயிருக்கிறது!

கோளாறு எல்லாம் மிதவையில் மட்டும் வருவதில்லை. உரசும் பட்டை ஓரிடத்தில் தேய்ந்தால், அந்த இடத்துக்கு வரும்போது முள் திடீரென்று விழும் அல்லது எகிறும். யூனிட் டாங்கில் பொருந்தும் இடத்தில் துரு ஏறி எர்த் சரியாகக் கிடைக்காவிட்டாலும் முள் தாறுமாறாகக் காட்டும். இது பத்து நிமிட வேலை: யூனிட்டின் தகட்டிலிருந்து சேஸிஸுக்குத் தனியாக ஒரு வயர் கொடுத்துப் பார்க்க வேண்டும். முள் சரியானால் துருவைச் சுரண்டி எர்த்தை இறுக்கினால் போதும், புது யூனிட் வாங்க வேண்டியதில்லை. நாங்கள் பார்த்தவரை, மெக்கானிக் ஷாப்பில் இதைப் பார்க்காமலே யூனிட்டை மாற்றச் சொல்பவர்கள் உண்டு.

கோளாறு மீட்டரிலா, டாங்கிலா என்று அறிய, பழைய மாதிரி வண்டிகளில் யூனிட்டுக்கு வரும் வயரைக் கழற்றி, சாவியைப் போட்டு முள்ளைக் கவனிப்பார்கள். பிறகு அந்த வயரை ஒரு நொடி பாடியில் தொட வைப்பார்கள். முள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனால் மீட்டரும் வயரும் நலம், கோளாறு டாங்கில். அசையாவிட்டால் ஃபியூஸ், வயர், மீட்டர் என்று தேட வேண்டும். இன்றைய எலெக்ட்ரானிக் மீட்டர் வண்டிகளில் இப்படித் தொட வைக்கக் கூடாது. மீட்டரே போய்விடலாம்.

யூனிட்டைக் கழற்றிய பின் மல்டிமீட்டர் வைத்து கையை மெதுவாக நகர்த்தினால், ஓம் எண் சீராக ஏறவோ இறங்கவோ வேண்டும். நடுவில் அறுந்தால் பட்டை தேய்ந்திருக்கிறது. புதிது வாங்கும்போது ஓம் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். ஒரு வகையில் காலிக்கு 10 ஓம், முழுதுக்கு 180. இன்னொரு வகையில் காலிக்கு 240, முழுதுக்கு 33. ஒன்றுக்கு மற்றதைப் போட்டால் காலி டாங்கில் முள் நிறைந்து நிற்கும். பேக்கிங்கும் புதிதாகவே போட வேண்டும்.

பேட்டரி வயரைக் கழற்றாமல், வெட்டவெளியில் இல்லாமல் இந்த வேலையைத் தொட விடாதீர்கள். பெட்ரோல் வண்டி என்றால் நிறைந்த டாங்கை விடக் காலி டாங்கில்தான் ஆபத்து அதிகம். உள்ளே நிற்பது ஆவி. ஓட்டை மிதவையை ஈயம் வைத்துப் பற்றவைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே சொட்டு எண்ணெய் இருந்தாலும் வெடிக்கும். புது மிதவை வாங்கிவிடலாம்.

டீசல் கணக்குக்கு முள்ளே தேவையில்லை. ஒரு நாள் டாங்கை விளிம்பு வரை நிரப்பிக் கிலோமீட்டரைக் குறியுங்கள். அடுத்து விளிம்பு வரை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பாருங்கள். 450 கிலோமீட்டருக்கு 50 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 9. வாராவாரம் இந்த எண் நிலையாக இருந்தால் டீசல் எங்கும் போகவில்லை. பங்கும் வண்டி நிற்கும் தரையும் ஒன்றாக இருப்பது நல்லது. சரிவில் நிரப்பினால் அளவு மாறும்.

பிடித்த பணத்தைக் கணக்குப்பிள்ளை எதிரிலேயே திருப்பிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். செட் சாவியைக் கொடுத்தபோது வாங்கவில்லை. 2009-இல் ஓய்வு பெறும் வரை எங்கள் வண்டியைத்தான் ஓட்டினார். ஒவ்வொரு முறை டீசல் போட்ட பிறகும் ஒரு சின்ன நோட்டில் கிலோமீட்டரும் லிட்டரும் எழுதி எங்களிடம் நீட்டுவார். தேவையில்லை என்று எத்தனை முறை சொன்னாலும், கையெழுத்து வாங்காமல் வீட்டுக்குப் போனதில்லை.