லேப்டாப் வாங்கப் போறீங்களா? பிராசசர் எண்ணை முழுசாகப் படிங்க



கல்லூரி திறக்கும் மாதங்களில் நம் குழுக்களில் உள்கடன் எதற்குக் கேட்கிறார்கள் என்று தீர்மான நோட்டைப் புரட்டினால், முன்பெல்லாம் ஃபீஸ், விடுதிக் கட்டணம் என்றுதான் இருக்கும். இப்போது "மகளுக்கு லேப்டாப்" என்பதும் சேர்ந்துவிட்டது. கறவை மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்த்து, மடியைத் தடவிப் பார்த்து, எத்தனையாவது ஈத்து என்று கேட்டு விலை பேசுகிற நம் உறுப்பினர்கள், லேப்டாப் கடையில் மட்டும் "நீங்களே நல்லதா ஒண்ணு குடுங்க தம்பி" என்று சொல்லிவிடுகிறார்கள். 40,000 ரூபாய் சாமான் அது. அதற்கும் பல்லைப் பிடித்துப் பார்க்க வழி இருக்கிறது.

சமீபத்தில் ஓர் உறுப்பினர் எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டைக் காட்டினார். ஒரே கம்பெனி லேப்டாப், ஒரே அளவு, ஒரே ரேம். ஒன்றில் இன்டெல் ஐ5-1235யு, இன்னொன்றில் ஐ5-1335யு. இரண்டாவதுக்கு 4,000 ரூபாய் கூடுதல். "புது ஜெனரேஷன்க்கா, இதையே எடுங்க"ன்னு கடையில் சொன்னார்களாம். எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் பிராசசர் என்றால் என்ன என்று பார்ப்போம். லேப்டாப்பில் எந்த வேலை கொடுத்தாலும் அதைச் செய்து முடிக்கும் சில்லு அது. அதற்குள் 'கோர்' என்று சில உண்டு. கோர் என்பதை நடவு வயலில் இறங்கும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் இறங்கும் வயலுக்கும் ஆறு பேர் இறங்கும் வயலுக்கும் வித்தியாசம் இருக்கும்தானே. ஆள் கணக்கு ஒன்று, ஒவ்வொருவரின் கைவேகம் ஒன்று. கைவேகத்தை ஜிகாஹெர்ட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். 'கேஷ்' என்று இன்னொன்று உண்டு. நடுகிறவருக்குக் கையெட்டும் தூரத்தில் கிடக்கிற நாற்றுமுடி மாதிரி அது. பக்கத்திலேயே கிடந்தால் வரப்புக்கு நடக்க வேண்டியதில்லை, வேலை ஓடும்.

இப்போது அந்தச் சீட்டுக்கு வருவோம். 1235யு 2022இல் வந்தது, 12ஆம் தலைமுறை. 1335யு 2023இல் வந்தது, 13ஆம் தலைமுறை. இரண்டிலும் 2 பெரிய கோர், 8 சிறிய கோர், ஆக 10. இரண்டிலும் கேஷ் 12 எம்.பி. அதிகபட்ச வேகம் ஒன்றில் 4.4 ஜிகாஹெர்ட்ஸ், மற்றதில் 4.6. நூற்றுக்கு ஐந்து கூட வரவில்லை. வேர்டு, எக்செல், டேலி, ஆன்லைன் வகுப்பு, ப்ராஜெக்ட் வேலை எதிலும் இந்த வித்தியாசம் பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. இரண்டும் ஒரே விலை என்றால் புதியதை எடுங்க. 4,000 கூடக் கேட்டால் வேண்டாம்.

அந்த 4,000 வெறும் 4,000 இல்லை என்பதையும் பாருங்கள். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் 40,000 உள்கடன் வாங்கி, மாதம் 2,000 அசலாக 20 மாதத்தில் கட்டினால், குறையும் நிலுவைக்கு வட்டி போட்டு மொத்த வட்டி 4,200 ரூபாய் வரும். 44,000 வாங்கி அதே 20 மாதத்தில் கட்டினால் வட்டி 4,620. ஆக அந்தப் புது ஜெனரேஷனுக்கு நாம் கொடுப்பது 4,420 ரூபாய். அந்தப் பணம் இருந்தால் 8 ஜி.பி. ரேமை 16 ஆக்கவோ, 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யை 512 ஆக்கவோ முடியுமா என்று கேளுங்கள். அது கண்ணுக்குத் தெரியும் மாற்றம்.

சரி, எண் எப்படி இருந்தாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. ஏ.எம்.டி. கம்பெனியின் ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு என்று இரண்டு இருக்கின்றன. பேரைப் பார்த்தால் அக்கா தங்கச்சி மாதிரி. உள்ளே பார்த்தால் 7520இல் 4 கோர், 7530இல் 6 கோர். கேஷ் முன்னதில் 4 எம்.பி., பின்னதில் 16 எம்.பி. முன்னதின் அடிப்படை வடிவமைப்பு 2019இல் வந்தது, பின்னதினுடையது 2020இல் வந்தது. இந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். 2 என்றால் பழைய வடிவமைப்பு, 3 என்றால் அடுத்தது, 4 என்றால் அதற்கும் அடுத்தது. முதலில் நிற்கும் 7 எந்த வருஷத்து வரிசை என்பதைத்தான் சொல்லும். இப்படி ஒரு பெயர் முறையை யாருக்குப் புரியட்டும் என்று வைத்தார்களோ! இன்னொன்று, 7520யு போட்ட லேப்டாப்பில் ரேமைப் பலகையோடு பற்றவைத்தே கொடுக்கிறார்கள். 8 ஜி.பி. வாங்கினால் கடைசிவரை 8தான். இந்த இரண்டுக்கும் நடுவே 4,000 வித்தியாசம் என்றால், எங்கள் யோசனை தயங்காமல் 7530யு எடுங்க என்பதுதான்.

கோர் எண்ணிக்கையை மட்டும் வைத்தும் முடிவு செய்ய முடியாது. ஐ3-என்305 என்ற இன்டெல் பிராசசரில் 8 கோர். ஐ3-1215யுவில் 6தான். ஆனால் முன்னதில் எட்டும் சிறிய கோர், அதிக வேகம் 3.8 ஜிகாஹெர்ட்ஸ். பின்னதில் 2 பெரிய கோர் இருப்பதால் வேகம் 4.4 வரை போகும். ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று ஓட்டும் நமக்குப் பின்னதுதான் சுறுசுறுப்பாகத் தெரியும். ஆள் நிறைய இருந்தும் நடவு முடியாத வயலை நாம் பார்க்காததா?

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே "ஐ5 லேப்டாப்" என்று மட்டும் சொல்லி விற்பார்கள். ஐ5-7200யு என்றால் 7ஆம் தலைமுறை, 2 கோர். ஐ5-8250யு என்றால் 8ஆம் தலைமுறை, 4 கோர். ஆள் இரண்டு மடங்கு. அதைவிடப் பெரிய விஷயம், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு அவர்கள் ஏற்றுக்கொள்ளும் பிராசசர் பட்டியலில் 8250யு இருக்கிறது, 7200யு இல்லை. "அதெல்லாம் நாங்க ஏத்தித் தர்றோம்"னு சொல்வாங்க. ஏற்றலாம், ஆனால் அப்படி ஏற்றினால் பாதுகாப்புப் புதுப்பிப்பு தொடர்ந்து வருமென்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரவில்லை. பேங்க் பாஸ்வேர்டு போடுகிற லேப்டாப்பில் நாம் அந்த வம்பை விலைக்கு வாங்க வேண்டாம்.

பிள்ளை படிக்கப்போவது கட்டிட வரைபடம், வீடியோ எடிட்டிங், அனிமேஷன் மாதிரியான படிப்பு என்றால் மேலே சொன்ன கணக்கு வேறு. என்ன தேவை என்று கல்லூரித் துறையிலேயே எழுதி வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள். எண்ணின் கடைசியில் 'யு' இருந்தால் மின்சாரம் குறைவாக எடுக்கும் வகை, 'எச்' இருந்தால் அதிக வேலைக்கானது, சூடும் அதிகம் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள். அதில் ஐ5, ரைசன் 5 என்பது மட்டும்தான் பெரிதாக இருக்கும். லேப்டாப்பை ஆன் செய்யச் சொல்லி, செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போனால் பிராசசரின் முழுப் பெயரும் ரேம் அளவும் வரும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டனையும் சேர்த்து அமுக்கி, பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதியில் சி.பி.யு.வைத் தொட்டால் எத்தனை கோர் என்பதும் தெரியும். இரண்டு நிமிஷ வேலை. இங்கிலீஷ் வராதே என்று கூச்சப்பட வேண்டாம், மகளையோ மகனையோ கூட்டிப் போங்கள்.

பில் போடும்போது "ஐ5 லேப்டாப்" என்று எழுத விடாதீர்கள். ஐ5-1235யு என்று முழு எண்ணும், ரேம், எஸ்.எஸ்.டி. அளவும், சீரியல் நம்பரும், வாரண்டி எத்தனை வருஷம் என்பதும் அதில் இருக்க வேண்டும். அந்தப் பில்லின் நகல் ஒன்றை அடுத்த கூட்டத்தில் ஊக்குநரிடம் கொடுத்துக் கடன் ஆவணத்தோடு சேர்த்துவிடுங்கள்.