இணையவழிச் சூதாட்டமும் குதிரைப் பந்தயமும்

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ வசிக்கும் ஒருவர் குதிரைப் பந்தயத்தில் நேரில் பணம் கட்ட வேண்டுமானால், ரயிலில் தாம்பரம் சென்று, மின்சார ரயில் மாறிக் கிண்டியில் இறங்க வேண்டியிருந்தது. ஒரு நாள் வேலை கெடும். அந்தத் தொலைவே பல குடும்பங்களுக்குக் காவலாக இருந்தது. கைப்பேசிச் சூதாட்டத்துக்கு அத்தகைய தொலைவு இல்லை. நள்ளிரவிலும் வீட்டுக்குள்ளேயே பணம் போகிறது.

சட்டப் பின்னணி

கிண்டியில் 1777 முதல் குதிரைப் பந்தயம் நடந்து வந்துள்ளது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் அமைந்தது. பந்தயத்தால் ஏழைக் குடும்பங்கள் சீரழிகின்றன என்ற காரணத்தால் தமிழக அரசு 1974இல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இவ்வழக்கில் 12.1.1996 அன்று உச்ச நீதிமன்றம், குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் திறன் ஆகியவற்றைக் கருதி, இது பெரிதும் திறமை சார்ந்த விளையாட்டே எனத் தீர்ப்பளித்தது. குதிரைப் பந்தயத்துக்கு இன்றும் இத்தீர்ப்பே கவசம்.

ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல் தடுக்கிறது. ஆகவே, பந்தயக் கிளப்புகள் கைப்பேசிச் சூதாட்டத்தைப் பின்பற்றிப் போனால், 1996 கவசம் அங்கே உதவும் என்று நம்பியிருக்க முடியாது.

வரியின் விளைவு

கட்டும் தொகை முழுவதற்கும் 2023 அக்டோபர் முதல் 28 விழுக்காடு ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் அது 40 விழுக்காடானது. வரி கட்டாத கள்ளப் புக்கிக்கு இது ஆதாயமாகிறது. சூதாட்டத்தைக் குறைக்கும் நோக்கில் உயர்த்திய வரி, ஆட்டத்தைக் கண்காணிப்பில்லாத இடத்துக்குத் தள்ளவும் கூடும்.

செய்யக்கூடியவை

1. குதிரைகளின் முந்தைய ஓட்டங்கள், ஊக்கமருந்துச் சோதனை முடிவுகள், நடுவர் முடிவுகள் ஆகியவற்றை எவரும் படிக்கும்படி தமிழிலும் வெளியிடலாம். திறமை என்பது தகவலில்தான் தொடங்குகிறது.

2. ஒருவர் ஒரு நாளில் கட்டும் தொகைக்கு வரம்பு வைக்கலாம். தாமே விலகிக்கொள்ள விரும்புவோருக்கும் வழி செய்யலாம்.

3. பிரிட்டனில் 1961 முதல் பந்தயச் சூதாட்ட வருவாயின் ஒரு பகுதி தீர்வையாகப் பெறப்பட்டு, குதிரை வளர்ப்புக்கும் மருத்துவ ஆய்வுக்கும் செலவிடப்படுகிறது. 2017இல் வெளிநாட்டு இணைய நிறுவனங்களும் அதன் கீழ் வந்தன. கட்டும் தொகைக்குப் பதிலாக நிறுவனத்தின் வருவாய் மீது தீர்வை விதிக்கும் இம்முறை இந்தியாவிலும் ஆராயத்தக்கது.

4. பணம் கட்டாதவரும் குடும்பத்துடன் வந்து பார்க்கும் விளையாட்டாகப் பந்தயத்தை மாற்றலாம்.

நிலமும் மக்களும்

2024 செப்டம்பரில் கிண்டியின் ஏறத்தாழ 160 ஏக்கர் குத்தகையை அரசு ரத்து செய்து திடலுக்குச் சீல் வைத்தது. பந்தயத்தால் பொதுமக்களுக்கு என்ன பயன் என்ற கேள்விக்குக் கிளப்புகள் இனியும் விடை சொல்லாமல் இருக்க முடியாது.

வேகத்தில் குதிரை கைப்பேசியை வெல்லாது; வெல்ல முயலவும் வேண்டாம். இரண்டு ஓட்டங்களுக்கு இடையே சிந்திக்க நேரம் தருவதே பந்தயத் திடலின் சிறப்பு. அதைக் காப்பாற்றினால்தான் திறமை விளையாட்டு என்ற பெயர் நிலைக்கும்.