ஓர் அறைத் தங்கமும் பதின்மூன்று குன்றுகளும்

கோலார் தங்கவயலின் பெயரைக் கேள்விப்படாத மாணவர் இருக்க முடியாது. கர்நாடக மாநிலத்தில், தமிழக எல்லைக்கு அப்பால் சிறிது தொலைவில் உள்ள ஊர் அது. வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள் பல தலைமுறைகளாக அங்கே பூமிக்கடியில் உழைத்தனர். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய சுரங்கப் பணி, 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்று, 2001 பிப்ரவரி 28ஆம் நாள் நின்றது.

இன்று அவ்வூருக்குச் செல்பவர் காண்பது தங்கமல்ல. சாம்பல் நிறக் குன்றுகளே. இவை இயற்கைக் குன்றுகள் அல்ல. இவை எப்படித் தோன்றின? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இச்சுரங்கங்களிலிருந்து கிடைத்த மொத்தத் தங்கம் சுமார் 800 டன். தங்கத்தின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 19.3 டன். எனவே அதன் பருமன் சுமார் 41 கன மீட்டர். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் மூன்றரை மீட்டர் உள்ள ஓர் அறையில் அத்தனை தங்கமும் அடங்கிவிடும். உங்கள் வகுப்பறை இதைவிடப் பெரியது அல்லவா?

ஆனால் ஒரு டன் பாறையில் இருந்தது சராசரியாகச் சுமார் 16 கிராம் தங்கமே. அதுவும் நுண்ணிய துகள்களாகக் கலந்திருந்தது. ஆகவே பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்துப் பிரித்தனர். எஞ்சிய தூளை ஊரருகே கொட்டினர். அதுவே 3 கோடி டன்னுக்கும் மேலாக, பதின்மூன்று மேடுகளாக நிற்கிறது.

‘சயனைடு மேடு’ என்றே மக்கள் அழைக்கின்றனர். வெயிலிலும் காற்றிலும் சயனைடு நாளடைவில் பெரும்பாலும் சிதைந்துவிடும். ஆனால் தூள் சிதைவதில்லை. காற்றில் விழும் நுண்துகளின் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமையும் என்பது ஸ்டோக்ஸ் விதி. விட்டம் பாதியானால் வேகம் கால் பங்காகும். 10 மைக்ரான் விட்டமுள்ள படிகக்கல் துகள் நொடிக்கு சுமார் 8 மில்லிமீட்டர்தான் இறங்கும். 10 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர அதற்கு 20 நிமிடங்கள் ஆகும். அதற்குள் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகக் காற்று அதை 6 கிலோமீட்டர் கொண்டு சென்றுவிடும்! இதைவிடச் சிறிய துகள்கள் நுரையீரலின் உட்பகுதி வரை செல்லக்கூடியவை. பாறையைத் துளையிட்ட தொழிலாளர்கள் பலரை வாட்டிய சிலிக்கோசிஸ் நோய்க்குக் காரணம் இத்தகைய படிகக்கல் தூளே.

இந்தத் தூளை அடக்க வழி உண்டா? உண்டு. ஈரம் இருந்தால் நீரின் பரப்பு இழுவிசை துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும். புல்லும் செடியும் வளர்ந்தால் தரையை ஒட்டிய காற்றின் வேகம் குறையும். வேர்கள் மண்ணைக் கட்டும்.

மேடுகளில் இன்னும் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தங்கம் உள்ளது. அதை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அரசு 2024இல் இசைவு தந்தது. வேலை கிடைக்கும் என்பது ஊராரின் நம்பிக்கை. ஆனால் ஆறிக் கிடக்கும் மேட்டைக் கிளறும்போது தூளை ஈரமாக வைப்பதும், எஞ்சுவதை முறையாக மூடுவதும் திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும். முதல்முறை தங்கத்தை மட்டும் கணக்கில் எழுதினோம். தூளை எழுத மறந்தோம்.

ஒரு தட்டில் உலர்ந்த மணலையும், மற்றொன்றில் உலர்ந்த மாவையும், மூன்றாவதில் ஈர மாவையும் வைத்து, சற்றுத் தள்ளி நின்று ஊதிப் பாருங்கள். தங்கவயலின் இன்றைய சிக்கலும் அதற்கான தீர்வும் அந்த மூன்று தட்டுகளிலேயே தெரியும்.