நினைத்தாலே வலிக்கும் கை

கேரளத்தின் ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து எடுப்பவர்களுக்குத் தோள்வலியும் இடுப்புவலியும் புதிதல்ல. மூன்று மாதத்துக்கு மேல் விடாமல் நீடித்தால் அதை மருத்துவர்கள் நாள்பட்ட வலி என்பார்கள். அப்படி வலிக்கும் ஒருவர் செடிப்பக்கமே போகாமல், லய வீட்டில் உட்கார்ந்து கையை நீட்டிக் கொழுந்து கிள்ளுவதாக நினைத்தாலே 'சுள்'ளென்று இழுக்கலாம். கங்காணிக்கு அது சாக்காகத் தெரியும். சாக்கு அல்ல.

ஓர் அசைவைக் கற்பனை செய்யும்போது, அதைத் திட்டமிடுகிற மூளைப் பகுதிகளில் பலவும் வேலை செய்கின்றன. தசைதான் அசையாமல் இருக்கிறது. 2008இல் வெளியான ஓர் ஆய்வில் ஆஸ்திரேலிய ஆய்வாளர் லோரிமர் மோஸ்லி, நெடுநாள் கைவலிக்காரர்களை அசைவை நினைக்க மட்டும் சொன்னார். அவர்களுக்கு வலி கூடியது. விரல் வீக்கமும் கூடியது.

இந்தக் கற்பனைத் திறனை அளக்க எளிய வழி உண்டு. பல கோணங்களில் திரும்பிய கைப்படங்களைக் காட்டி, இடக்கையா வலக்கையா என்று கேட்பார்கள். பதில் சொல்ல, நாம் அறியாமலே நம் கையை மனசுக்குள் அந்தப் படத்துக்கு ஏற்பத் திருப்பிப் பார்க்கிறோம். ஒரு கையில் மட்டும் தீராத கடும்வலி உள்ளவர்களுக்கு, அந்தப் பக்கத்துக் கைப்படம் வந்தால் பதில் தாமதமாகிறது. இடுப்புவலிக்காரர்களோ, படத்திலுள்ள உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில் அதிகம் தவறுகிறார்கள். இது மந்தபுத்தி அல்ல. வலிக்கிற பாகத்தின் வரைபடம் மூளைக்குள் மங்கியிருக்கலாம். வலிக்குப் பயந்து மனசே அந்த அசைவைத் தட்டிக்கழிக்கவும் செய்யலாம்.

2008 ஆய்வுக்கு முன்பே, கைப்படச் சோதனையையும் சேர்த்து மோஸ்லி ஒரு பயிற்சியை அமைத்து, 2004இல் முடிவுகளை வெளியிட்டார். முதலில் இரண்டு வாரம் இட-வலப் படங்கள், அடுத்த இரண்டு வாரம் கற்பனை அசைவு, கடைசி இரண்டு வாரம் கண்ணாடிப் பயிற்சி. கண்ணாடி யோசனை நம்மவருடையது: சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கையை இழந்தவர்களின் 'இல்லாத கை' வலிக்கு 1990களில் கண்டது. நல்ல கையின் பிம்பம், வலிக்கிற கை நோகாமல் அசைவதாக மூளையை நம்பவைக்கிறது.

எல்லாருக்கும் பலிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். பிரிட்டனில் வழக்கமான சிகிச்சை மையங்களில் இதைச் செய்து பார்த்தபோது வலி குறையவில்லை என்று 2012இல் வெளியான ஆய்வு சொன்னது. ஆனாலும் செலவு குறைவு. படங்களுக்கு ஒரு செல்போன் போதும். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வழிகாட்டச் செய்வது நல்லது. கற்பனை செய்யும்போதே வலி ஏறினால் பல்லைக் கடித்துத் தொடர வேண்டாம். மறுபடி படங்களுக்கே திரும்பிவிடலாம்.