ரோமத்துக்குள் மறையும் எடை

சைபீரியாவின் சுக்சி மக்கள் பனிவெளியில் சறுக்குவண்டி இழுக்கத் தலைமுறை தலைமுறையாக வளர்த்த ஹஸ்கி நாய், சொற்ப ஆகாரத்தைக் கொண்டே நெடுந்தூரம் ஓடும் தேகவாகு பெற்றதாதலால், ஒரு வேளை உணவை மறுத்தாலும், மற்றபடி சுறுசுறுப்பாக இருக்குமாயின் கலங்க வேண்டியதில்லை. வளர்ந்த ஆணுக்கு 20 முதல் 27 கிலோவும், பெண்ணுக்கு 16 முதல் 23 கிலோவும் உகந்த எடை என்பர். ஆயினும் விரல்களின் பரீட்சையையே நான் பெரிதும் நம்புவேன். அதன் இரட்டை அடுக்கு ரோமம் மெலிவையும் பருமனையும் ஒருங்கே மறைத்துவிடுமாகையால், உள்ளங்கையை விலாவின்மீது வைத்து மெல்லத் தடவுங்கள். அழுத்தாமலே எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டு, குளிப்பாட்டுகையில் ரோமம் நனைந்து படிய இடை ஒடுங்கித் தெரிந்தால், அது ஆரோக்கிய லட்சணம். அழுத்தினாலன்றி விலா அகப்படாவிடில், முதலில் தின்பண்டத்தைக் குறையுங்கள். முதுகெலும்பு கூர்மையாகத் துருத்தினாலோ, தாமதமின்றி மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.