குழந்தையோடு ஓட்டலுக்கு: வணிகருக்கு ஒரு பாடம்



நம்மில் எத்தனை பேர் மனைவி மக்களை அழைத்துக்கொண்டு ஓட்டலுக்குப் போய் நிதானமாகச் சாப்பிட்டிருக்கிறோம்? காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் சாத்துகிறோம். 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஊழியருக்கு வாரம் ஒரு முழு நாள் விடுமுறை தந்திருக்கிறது. முதலாளிக்கு யார் தருவது? நாமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் தவறாமல் கடை அடைத்தது மே 5 வணிகர் தினத்தன்று மட்டும்தான். 1990-களில் அப்படி ஒரு வணிகர் தினத்தன்று மாலை, அண்ணனூரிலிருந்து சரக்கு ஏற்றும் மட்டடார் வேனிலேயே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, சென்னை கதீட்ரல் சாலையில் அப்போதிருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலுக்குப் போனோம். வேனில் தங்கியிருந்த மிளகாய் நெடியில் பிள்ளைகள் இருவரும் வழியெல்லாம் தும்மினார்கள்.

உட்லண்ட்ஸ் ஓட்டல்களை நிறுவிய கே. கிருஷ்ணராவ் 1962-இல் தொடங்கிய இடம் அது. மரநிழலில் வண்டியை நிறுத்தினால், பரிமாறுபவர் வண்டிக்கே வந்து கதவில் தட்டை மாட்டி டிபனை வைப்பார். சரக்கு வண்டியில் வந்தவர்கள்தானே என்று எங்களை அவர் இளக்காரமாகப் பார்க்கவில்லை. மரங்களுக்கிடையே ஓடிய பிள்ளைகளை யாரும் அதட்டவில்லை. தோசை ஆறும்வரை பொறுமையாக ஊட்டினோம். அந்த ஓட்டல் 2008-இல் மூடப்பட்டது. 2010-இல் அங்கே செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எங்கள் பிள்ளைகள் அந்த மாலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

ஒரு சொல்லின் விலை

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. அதே ஆண்டுகளில் வேறொரு ஓட்டலுக்குப் போயிருந்தோம். மூன்று வயது மகள் சாம்பார்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். கல்லாவில் இருந்தவர், "இதுக்குத்தான் சின்னப் பிள்ளைங்கள கூட்டிட்டு வராதீங்கன்னு சொல்றது" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். மனைவி பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் படியை நாங்கள் மிதிக்கவே இல்லை.

மறுநாள் நம் கடையில், மளிகை வாங்க வந்த ஒரு தாயின் இடுப்பிலிருந்த குழந்தை வேர்க்கடலை மூட்டையில் கையை விட்டது. "கைய எடு!" என்று அதட்டியது வேறு யாருமல்ல, நாமேதான். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்ததும் முதல்நாள் ஓட்டலில் மனைவியின் முகம் எப்படி மாறியது என்பது நினைவுக்கு வந்தது. ஒரு பிடி கடலையை மிச்சப்படுத்தி, மாதச் சாமான் வாங்கும் ஒரு குடும்பத்தை இழக்க இருந்தோம். உடனே கடலையைப் பொட்டலம் கட்டிக் குழந்தையின் கையில் கொடுத்தோம். அந்தக் குடும்பம் இன்றும் நம் வாடிக்கை. அன்று இடுப்பில் இருந்த குழந்தை இப்போது தன் குழந்தையோடு வருகிறது.

இங்கிலாந்தில் 'பப்' எனப்படும் மதுக்கூடங்கள் பலவற்றில்கூடக் குழந்தைகளுக்குத் தனி உணவுப் பட்டியல் உண்டு. குடும்பம் வந்தால்தான் சாப்பாட்டு வியாபாரம் நிலைக்கும் என்பது அவர்கள் கணக்கு. 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்ற விதி உள்ள நம் மாநிலத்துக்கு மதுக்கூடம் ஒத்துவராது. ஆனால் அந்தக் கணக்கு நமக்கும் பொருந்தும்.

செய்ய வேண்டியவை

குழந்தைகளோடு ஓட்டலுக்குப் போகும் நண்பர்கள் பகல் பன்னிரண்டரைக்கு முன்போ, மாலை ஏழுக்கு முன்போ போய்விடுவது நல்லது. கூட்டமும் இராது, பரிமாறுபவருக்கும் பொறுமை இருக்கும். சுவரோரமாக இடம் பிடித்து, குழந்தையை உள்பக்கம் உட்கார வையுங்கள். முதலில் குழந்தைக்கு இட்லி சொல்லிவிடுங்கள். சூடான சாம்பாரும் காபியும் பிஞ்சுக் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

சங்கத்தில் ஓட்டல் நடத்தும் நண்பர்கள், காரமில்லாத சிறு தோசையும் சிந்திய இடத்தை முகம் சுளிக்காமல் துடைக்க ஓர் ஆளும் வைத்துக்கொண்டால் போதும். மளிகைக் கடைக்காரர்கள் தாய்மார் உட்கார ஒரு ஸ்டூல் போடுங்கள். நம் பெரியவர்கள் கொசுறு கொடுத்துப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்த வழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

இப்போது ஞாயிறு மாலைகளில் பேரப்பிள்ளைகளை ஆவடிக்கு அழைத்துப் போகிறோம். இந்த மாலைகளை நம் பிள்ளைகளுக்கு அதிகம் கொடுக்கவில்லையே என்ற குறை மனதில் உண்டு. கல்லாவில் விட்டதை மறுநாள் பிடித்துவிடலாம். பிள்ளைகளின் சிறுவயது திரும்பி வராது. இளைய வணிகர்களே, வாரம் ஒரு மாலையாவது ஷட்டரை இறக்குங்கள்!